பாலையா வீட்டு நாய்

திருப்பதியில் ஓர் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்குள் நுழைய மறுக்கும் ஒரு லாப்ரடாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தபோது அகிலாவுக்கு அந்த போன் வந்தது.

பேசிய அம்மாளின் பெயர் பிரேமலதா. தெலுங்கில், மிகவும் மரியாதையாகப் பேசினாள். மூன்று வயது நாய். ஒரு பெண்ணின் காலைக் கடித்துவிட்டது. ஸ்டேஷனில் கேஸ் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் நாயை ஊசி போட்டு முடித்துவிடலாம் என்கிறார்.

"கிளினிக்கில் உங்கள் நம்பர் கொடுத்தார்கள். நீங்கள் அடிக்காமல் பழக்குவீர்களாம். ஒருமுறை வந்து பார்ப்பீர்களா?"

"எந்த ஊர் மேடம்?"

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். அகிலா எழுந்து நின்றுவிட்டாள். அது அவள் பிறந்த ஊர். வீட்டுக்காரர் பெயரை அவள் கேட்கவில்லை. அந்த ஊரில் நாயைச் சங்கிலியில் கட்டி வளர்க்கிற பெரிய வீடு ஒன்றுதான், பாலையாவின் வீடு.

"ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றாள். தான் யார் என்று சொல்லவில்லை.

ஊருக்கு மேற்கே ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. அகிலாவின் அப்பா பழனி முப்பது வருஷம் பாலையாவின் மாந்தோப்பில் கூலி வேலை செய்தவர். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறார். காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் நேர்வழி பாலையாவின் கேட்டைத் தாண்டித்தான் போகும். அந்த கேட்டுக்குள் எப்போதும் ஒரு நாய் இருக்கும். ஒன்று செத்தால் அடுத்தது வரும். ஆகவே காலனிப் பிள்ளைகள் நேர்வழியில் போனதே இல்லை. வரப்பில் கால் சேறாகிச் சுற்றிப் போய், லேட்டாக வந்ததற்கு வாசலில் முட்டி போடுவார்கள்.

பத்தொன்பது வயதில் திருப்பதிக்குப் போய் ஒரு நாய் கிளினிக்கில் தரை கழுவும் வேலைக்குச் சேர்ந்தபோது அகிலாவுக்கு நாய் என்றாலே உடம்பு நடுங்கும். ஒரு நாள் ஊசிக்கு வந்த நாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்தாள். அதன் விலாவும் தன்னைப்போலவே நடுங்குவது கைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் பயப்படவில்லை. சென்னையில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தாள். இப்போது முப்பத்திரண்டு வயது. திருப்பதி, ரேணிகுண்டா, புத்தூர், நகரி என்று ஸ்கூட்டரில் சுற்றி நாய்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பாதி நேரம் நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே போய்விடும்.

ஞாயிறு காலை ஸ்கூட்டரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். இடுப்பில் ஒரு பை, அதில் உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டுகள்.

நாய் வராண்டாத் தூணில் கட்டப்பட்டிருந்தது. டாபர்மேனும் நாட்டு நாயும் கலந்த கறுத்த உடம்பு. சங்கிலி மூன்றடி இருந்தால் அதிகம். கேட்டுக்கு வெளியே அகிலாவைப் பார்த்ததும் எழுந்தது. காதை நிமிர்த்தியது. குரைக்கவில்லை. அகிலா அங்கேயே நின்றாள்.

வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாலையா பேப்பரை இறக்கினார்.

"ஏய், யாரது? அங்கயே நில்லு!"

அந்தக் குரல் வந்த மறுநொடி நாய் பாய்ந்தது. சங்கிலி விறைத்து, கழுத்து இறுகி, பின்னங்காலில் நின்று குரைத்தது.

பிரேமலதா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். ஐம்பத்தைந்து வயது, கண்ணாடி, கையில் கரண்டி. "திருப்பதியிலிருந்து மேடம் வருகிறேன் என்றார்கள்..." என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே தெருவைப் பார்த்தவள், அகிலாவைப் பார்த்து நிறுத்தினாள். வீட்டில் தெலுங்கு, காலனி ஆட்களிடம் தமிழ் என்பது அந்த வீட்டு வழக்கம். அவள் தமிழுக்கு மாறினாள்.

"நீ பழனி பொண்ணு இல்ல?"

"ஆமாம், பழனி பொண்ணுதான். நாய் பழக்குறவளும் நான்தான். போன்ல 'நீங்க'ன்னு பேசினீங்க மேடம். அப்படியே பேசலாம்."

பிரேமலதாவின் முகம் சிவந்தது. கரண்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். பிறகு, "சரிங்க" என்று கேட்டைத் திறந்தாள்.

அகிலா நாயின் பக்கம் போகவில்லை. தள்ளியே, அதன் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். ஒரு துண்டு கோழியைத் தரையில் உருட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நாயின் பெயர் பண்டு. முதலில் மோந்து பார்த்தது. மூன்றாவது துண்டைத் தின்றது. பத்தாவது துண்டுக்குப் பிறகு குந்தி உட்கார்ந்து அடுத்தது எப்போது வரும் என்று பார்த்தது.

"யாரைப் பாத்தா குரைக்கும்?"

"புது ஆளுங்களப் பாத்தா" என்றாள் பிரேமலதா.

கேட்டுக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. சத்தத்தையும் பதிவு செய்யும் வகை. இருபது நாள் பதிவு பிரேமலதாவின் போனில் வந்தது. அகிலா வராண்டாவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததை பாலையா பேப்பருக்கு மேலிருந்து பார்த்தார். அவள் நிமிரவில்லை. ஒரு மணி நேரம் பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இங்க பாருங்க மேடம். இவர் கூரியர்காரர், முதல் தடவையா வர்றார். பண்டு அவர் ஷூவ மோந்து பாத்துட்டுப் போய் படுத்துக்குது. இவர் டிஷ் ரிப்பேருக்கு வந்தவர். அவர்கிட்டயும் குரைக்கல. இது யாரு?"

"கோவர்த்தனன். இவரோட மச்சான். நாயுடுபேட்டையிலிருந்து வந்திருந்தார்."

"அவரும் புது ஆள்தான். வாலை ஆட்டுது பாருங்க. இப்ப இதைப் பாருங்க."

காலனி ஆள் ஒருவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பண்டு எழுந்தது, சும்மா பார்த்தது. போனிலிருந்து பாலையாவின் குரல் வந்தது: "ஏய், யார்ரா அது?" பண்டு பாய்ந்தது. அகிலா அடுத்ததைப் போட்டாள். அதே குரல், அதே பாய்ச்சல். ரத்தினம்மா கடிபட்ட நாளையும் போட்டாள். ரத்தினம்மா பத்து வருஷமாக அந்த வீட்டில் மாடு கறப்பவள். எப்போதும் பின்பக்கம் மாட்டுக்கொட்டகை வழியாக வருவாள். அன்று மழையில் பின்வழி முழங்கால் சேறு. முன் கேட்டைத் திறந்தாள். பண்டு அவிழ்த்துவிடப்பட்டிருந்தது, அவளை நோக்கி ஓடவும் இல்லை. "ஏய், யார கேட்டு இந்தப் பக்கம் வர?" என்ற குரலுக்குப் பிறகுதான் ஓடியது.

"இருபது நாள்ல பதினோரு தடவை" என்றாள் அகிலா. "பதினொன்னுலயும் உங்க குரல்தான் சார் முதல்ல."

பாலையா பேப்பரை மடித்தார். "நாய்க்கு வைத்தியம் பாக்க வந்தியா, எனக்கா?"

"ஓடைக்கு இந்தப் பக்கம் யாரு, அந்தப் பக்கம் யாருன்னு நாய்க்குத் தெரியாது சார். யார் வந்தா உங்க குரல் மாறுதுன்னு தெரியும். குரல் மாறினா உங்களுக்கு ஏதோ ஆபத்துன்னு நெனச்சிப் பாயுது. பாயும்போது சங்கிலி கழுத்த நெரிக்குது. அந்த ஆளுங்க வந்தாலே கழுத்து வலிக்கும்னு வேற கத்துக்கிச்சி. நல்ல புத்தி. சொல்லிக்குடுத்தத அப்படியே கத்துக்கிட்டிருக்கு."

பாலையா மடித்த பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு தணிந்த குரலில், மாங்காய் விலை பேசுவதுபோல் சொன்னார்: "சரி. கடிக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும், கேசுல மாட்டக் கூடாது. குரைக்கட்டும். வர்றவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கணும் இல்ல? அந்த அளவுக்குப் பழக்கிக் குடு."

அகிலா இடுப்புப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அந்த வேலைக்கு நான் ஆள் இல்ல சார்."

படியிறங்கி கேட்டு வரைக்கும் போய்விட்டாள். பின்னால் செருப்புச் சத்தம். பிரேமலதா.

"நான் செய்யறேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க. அவரை விடுங்க."

"அவரை விட்டுட்டு இது நடக்காது மேடம்."

"நடக்குற வரைக்கும் நடக்கட்டும். நான் குட்டியிலிருந்து மடியில வெச்சி வளர்த்த நாய் இது. ஊசி போட விடமாட்டேன்."

அகிலா திரும்பி வந்தாள். வராண்டாவில் நின்றே, பாலையாவும் கேட்கும்படி சொன்னாள். சங்கிலி இனி வேண்டாம். மார்பில் மாட்டும் பட்டையும் நீளமான கயிறும் தருகிறேன். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போகவேண்டும். தடி, செருப்பு, அதட்டல் எதுவும் கூடாது. உறுமினால் திட்டக் கூடாது, தூரத்தை அதிகமாக்க வேண்டும். காலனி ஆட்கள் தூரத்தில் வந்து நிற்பார்கள். பண்டு அவர்களைப் பார்க்கும், ஆனால் இன்னும் பதறாது, அந்தத் தூரம். அப்போது வீட்டு ஆள் ஒரே ஒரு சொல்லை, எப்போதும் ஒரே மாதிரி குரலில் சொல்லவேண்டும். சொன்ன உடனே கோழித் துண்டு.

"என்ன சொல்?" என்றாள் பிரேமலதா.

"வாங்க."

பாலையா சிரித்தார். "ரத்தினம்மாவை நான் 'வாங்க'ன்னு கூப்புடணுமா?"

"கூப்பிட முடியலன்னா, அவங்க வர்ற நேரத்துல நீங்க இங்க உக்கார வேணாம் சார்."

அன்று மதியம் அகிலா காலனிக்குப் போனாள். செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சாமிகிட்ட அப்படியா பேசின?"

"சாமி இல்ல நைனா. பாலையா. நான் வேல செய்யற எடத்துல அவரு ஒரு கஸ்டமர்."

தம்பி மணிவேல் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு முடித்துவிட்டு வந்திருந்தான். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு தின்னாமல் கத்தினான்.

"இன்னாக்கா இது? நம்மாள கடிச்ச நாய காப்பாத்த நீயே வந்துகினு கீற? சாவட்டும் உடு!"

"சாவட்டும். அப்பால? அடுத்த மாசம் இன்னொன்னு வாங்கிகினு வருவாரு. அத்தயும் அதே தூண்ல கட்டுவாரு. எனக்குத் தெரிஞ்சி இது அஞ்சாவது நாய்டா. நாலு செத்துப் போச்சி. நம்ம புள்ளைங்க இன்னும் வரப்புலதான் போய்க்கினு கீதுங்க."

மணிவேல் சோற்றைப் பிசைந்தான். "அப்ப அவன் திருந்துவான்னு சொல்ற?"

"அவரு திருந்துறதப் பத்தி நான் சொல்லல. அவரு குரல் நம்ம மேல வேல செய்யாம பண்ணலாம்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ரத்தினம்மா வந்து உட்கார்ந்தாள். வலது கெண்டைக்காலில் கட்டு. நாலு ஊசி முடிந்து ஒன்று மீதி. கறவைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். பண்டுவின் முன்னால் வந்து நின்று கோழித் துண்டு போட காலனி ஆட்கள் வேண்டும் என்று அகிலா அவளிடம் சொன்னாள்.

"நாயா என்ன கடிச்சுது?" என்றாள் ரத்தினம்மா. "அத்த ஏவி உட்ட வாயிதான் கடிச்சுது. நான் வரேன் அகிலா. ஆனா கொட்டாய் வழியா வரமாட்டேன். முன்னாடி கேட்ட தொறக்கணும். நாற்காலி போடணும். உக்காந்துகினுதான் துண்டு போடுவேன்."

"நீ கேக்கலன்னா நானே கேட்டிருப்பேன்கா" என்றாள் அகிலா. "விருந்தாளி எப்படி வருவாங்கன்னு அது பாக்கணும்."

வியாழனும் ஞாயிறும் என்று வைத்துக்கொண்டார்கள். முதல் வாரம் ரத்தினம்மா கேட்டுக்கே வரவில்லை. எதிர்ப்பக்கம் மின்கம்பத்தருகே நின்றாள். பிரேமலதா பண்டுவின் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, "வாங்க" என்பாள், துண்டு கொடுப்பாள். முதலில் அந்தச் சொல் அவள் வாயில் சரியாக வரவில்லை. முப்பது வருஷமாக அந்தப் பக்கத்து ஆட்களிடம் அதைச் சொன்னதில்லை. கூச்சத்தில் முணுமுணுத்தாள்.

"அப்படிச் சொன்னா நாய்க்குப் புரியாது மேடம். உங்க அக்கா வந்தா எப்படிச் சொல்வீங்க?"

பிரேமலதா ரத்தினம்மாவைப் பார்த்தாள். "வாங்க!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

ரத்தினம்மா மின்கம்பத்தடியிலிருந்து, "வரேன் வரேன்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பண்டு வாலை ஆட்டியது. சிரிப்புக்கா கோழிக்கா என்று தெரியவில்லை.

இரண்டாவது வாரம் கேட்டுக்குப் பத்தடி தூரத்தில். பிறகு கேட்டு. மணிவேலும் ஒரு நாள் வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பண்டு நாக்கால் மூக்கை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. "உன்னப் பாத்து அதுக்கு டென்ஷன். ஒரு எட்டு பின்னாடி போ" என்றாள் அகிலா. அவன் பின்னால் போனான். நாய் நீளமாக மூச்சு விட்டது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எனுக்கு பயந்துகினு கீதா அது?" என்றான் ஆச்சரியத்தோடு.

இந்த நாட்களில் பாலையா பேப்பருக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். போலீஸ் பயம் அதைச் செய்தது.

நான்காவது ஞாயிறு கோவர்த்தனன் வந்திருந்தார். இருவரும் வராண்டாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரேமலதா வாசலில் பண்டுவோடு நின்றாள். அகிலா பக்கத்தில். ரத்தினம்மா முன் கேட்டைத் திறந்து உள்ளே காலை வைத்தாள். மச்சானின் கண்கள் ரத்தினம்மாவிடம் போய், பாலையாவிடம் திரும்பின. அவ்வளவுதான். பாலையா எழுந்தார்.

"ஏய்! யார கேட்டு முன்பக்கமா வர? போடி அந்தாண்ட!"

பண்டுவின் வாயிலிருந்த துண்டு கீழே விழுந்தது. பாய்ந்தது. கயிறு பிரேமலதாவின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அகிலா கயிற்றின் நடுவைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்து நிறுத்தியபோது நாய்க்கும் ரத்தினம்மாவுக்கும் நடுவே நாலடி இருந்தது.

ரத்தினம்மா ஓடவில்லை. அகிலா சொல்லிக்கொடுத்தபடி பக்கவாட்டில் திரும்பி, கையை மடக்கி, நாயைப் பார்க்காமல் நின்றாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. சத்தம் போட்டால் நாய்க்கு இன்னும் வெறி ஏறும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே மிக மெதுவாக, குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் சொன்னாள்:

"நீங்க கத்துங்க. நான் போவமாட்டேன்."

பாலையா மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் பிரேமலதா திரும்பினாள். உள்ளங்கையில் ரத்தம். தெலுங்கில், அவளும் மெதுவாகத்தான் பேசினாள்.

"நீங்கள் உள்ளே போங்கள்."

"என்ன?"

"பண்டு இங்கே இருப்பான். ரத்தினம்மாவும் இங்கே இருப்பாள். கத்துகிறவர்தான் உள்ளே போகவேண்டும். இது உங்கள் அப்பா வீடு என்று சொல்லாதீர்கள். இந்த வாசலை முப்பது வருஷமாகக் கூட்டுகிறவள் நான்."

கோவர்த்தனன் போனை எடுத்து அதில் எதையோ தேடத் தொடங்கினார். பாலையா மனைவியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். அது கயிற்றின் முனையில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதுபோல. அவர் நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று அகிலா எல்லாவற்றையும் மறுபடி மின்கம்பத்திலிருந்து தொடங்கினாள். திருப்பதிக்குத் திரும்பும் வழியில் பிச்சாட்டூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். வாங்கிய டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தினம்மாவுக்கு இன்னொரு கடி விழுந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்தாள். ஆனாலும் வியாழக்கிழமை போனாள்.

பாலையா 'வாங்க' என்று சொல்லவே இல்லை. கடைசிவரை சொல்லவில்லை. காலனி ஆட்கள் முன் கேட்டில் வரும் நேரமெல்லாம் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கம் மாட்டுக்கொட்டகைக்கு அருகில் கிடந்தது. சாணி வாடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பின்வழியாகத் தோப்புக்குப் போய், பின்வழியாகவே வந்தார்.

இரண்டு மாதத்தில் பிரேமலதா பண்டுவைக் கூட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். அந்த ஊருக்கு மருமகளாக வந்து முப்பது வருஷத்தில் காலனிக்குள் அவள் வருவது முதல் தடவை. பாதை தெரியாமல் ஓடைக்கரையில் நின்றாள். மணிவேல்தான் முன்னால் நடந்து வழி காட்டினான். பிள்ளைகள் தூரத்தில் நின்று துண்டு போட்டார்கள். பண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. பழனி வீட்டுக்குள்ளேயிருந்து கடைசிவரை வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

மறுவாரம் பள்ளிக்கூடம் போகும்போது நாலைந்து பிள்ளைகள் நேர்வழியில் போனார்கள் என்று மணிவேல் போன் செய்து சொன்னான். மற்றவர்கள் இன்னும் வரப்பில்தான்.

கடைசியாக ஒரு ஞாயிறு. ரத்தினம்மா முன் வராண்டாவில் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். பண்டு அவள் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தது. அகிலா புறப்படத் தயாராக நின்றாள். பாலையா பின்பக்கத்திலிருந்து வீட்டுக்குள் வழியாக வந்து வாசற்படியில் நின்றார். குரலை மிகவும் கட்டுப்படுத்திக்கொண்டு பேசினார்.

"நாய்தான் திருந்திடுச்சே. ஸ்டேஷனுக்குப் போயி கேச வாபஸ் வாங்கிடு."

ரத்தினம்மா காபியை ஒரு வாய் குடித்தாள்.

"நாய் மேல நான் கேசு போடலியே."

"பின்ன?"

"ஸ்டேஷன்ல பேரு எழுதி கீது. போயி படிச்சிப் பாருங்க."

பாலையாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பண்டு தலையைத் தூக்கியது. பிரேமலதா அவர் முகத்தைப் பார்க்காமல், இப்போது தன் இடுப்பிலும் கட்டியிருந்த பையைத் திறந்து, "வாங்க" என்று சொல்லி ஒரு துண்டு போட்டாள். நாய் துண்டைத் தின்றது. பாலையா திரும்பி உள்ளே போய்விட்டார். பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அகிலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குப் புத்தூரில், இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஒரு நாய்.

"இன்னும் எத்தனை நாள் இப்படிச் செய்யணும்?" என்று பிரேமலதா கேட்டாள்.

"அவரு இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் மேடம்."

பிரேமலதா சிரிக்கவில்லை. பையில் இன்னும் எத்தனை துண்டு மீதி என்று விரலால் துழாவிப் பார்த்தாள்.